கைபேசியைக் குறை சொல்லுமுன்: பல்கலைக்கழக மாணவரின் மன அழுத்தமும் மறுக்கப்படும் ஆதரவும்

சட்ட உதவி தேடி நம்மிடம் வரும் தலித் மாணவர்களில் பெரும்பாலோர் பேசத் தொடங்குமுன் கைபேசியைத் திறந்து மேசைமீது வைப்பார்கள். கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மாதக்கணக்கில் காட்டும் இணையப்பக்கம் அதில் இருக்கும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இடஒதுக்கீட்டைக் கேலி செய்து யாரோ போட்ட படம் இருக்கும். நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு அழைத்த அழைப்புகளின் பதிவு இருக்கும். அதே மாணவரைப் பற்றிக் கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எந்நேரமும் போனும் கையுமாகத் திரிந்தால் படிப்பு எப்படி வரும்?”

மாணவரின் வேதனைக்குச் சான்றாக இருக்கும் பொருளே அவருடைய குற்றத்துக்குச் சான்றாகவும் மாற்றப்படுகிறது. மன அழுத்தம், சமூக ஆதரவு, திறன்பேசிச் சார்பு ஆகிய மூன்றையும் இணைத்து உலகெங்கும் உளவியல் ஆய்வுகள் வெளிவருகின்றன. அவற்றின் முடிவுகள் செய்தித்தாளுக்கு வந்து சேரும்போது ‘கைபேசிக்கு அடிமையாகும் இளைஞர்கள்’ என்ற ஒற்றைத் தலைப்பாகச் சுருங்கிவிடுகின்றன. அந்த மூன்று சொற்களின் பொருளையும், தலித் மாணவர் வாழ்வில் அவை இணையும் விதத்தையும், சட்டம் யார்மீது என்ன கடமையைச் சுமத்துகிறது என்பதையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம். நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: கல்வி நிறுவனம் தரவேண்டிய ஆதரவைத் தராதபோது அந்த இடத்தில் கைபேசி வந்து அமர்கிறது. ஆதரவைத் தராமல் கைபேசியை மட்டும் பிடுங்குவது தீர்வாகாது.

சொற்களும் அளவுகோல்களும்

‘மன அழுத்தம்’ என்ற சொல்லை நம் நாளிதழ்கள் இரு பொருளில் கையாள்கின்றன. ஒருவர்மீது வரும் நெருக்கடிகள் அவற்றைத் தாங்கும் அவருடைய ஆற்றலை மிஞ்சும்போது உண்டாகும் நிலையே மன அழுத்தம். வாரக்கணக்கில் நீடிக்கும் துயரமும் ஆர்வமின்மையும் கொண்ட நோய்நிலை மனச்சோர்வு. முன்னது நீண்டால் பின்னதற்கு வழிவகுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மன அழுத்தத்தை அளக்க இன்றும் பரவலாகப் பயன்படுவது, ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட உணரப்படும் மன அழுத்த அளவுகோல். அதன் பத்துக் கேள்வி வடிவத்தில் மதிப்பெண் 0 முதல் 40 வரை அமையும். கடந்த ஒரு மாதத்தில் நிலைமை தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒருவர் எவ்வளவு உணர்ந்தார் என்பதே அதன் மையம்.

‘சமூக ஆதரவு’ என்பது நெருக்கடியில் சாய்ந்துகொள்ளக் கிடைக்கும் தோள். ஆறுதல் சொல், பண உதவி, வழிகாட்டும் தகவல், ‘நீ எங்களில் ஒருவர்’ என்ற ஏற்பு ஆகிய நான்கும் அதில் அடங்கும். கிரெகரி ஸிமெட் குழுவினர் 1988இல் உருவாக்கிய பன்னிரண்டு கூற்றுகள் கொண்ட அளவுகோல், குடும்பம், நண்பர்கள், வாழ்வில் முக்கியமான ஒருவர் என மூன்று ஊற்றுகளிலிருந்து கிடைக்கும் ஆதரவை அளக்கிறது.

‘திறன்பேசிச் சார்பு’ தென்கொரியாவில் உருவான அளவுகோல்களால் பெரிதும் அளக்கப்படுகிறது. 2013இல் வெளியான பத்துக் கூற்றுச் சுருக்க வடிவம் பல மொழிகளுக்குச் சென்றுள்ளது. மதிப்பெண் 10 முதல் 60 வரை. ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்பவை எல்லைக்கோடுகளாக வகுக்கப்பட்டன. கைபேசியால் திட்டமிட்ட வேலை தவறுகிறதா, அது கையில் இல்லையென்றால் பதற்றம் வருகிறதா, எண்ணியதைவிட அதிக நேரம் பயன்படுத்துகிறோமா என்பன போன்றவற்றை அது கேட்கிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், அதன் பதினொன்றாம் பதிப்பு, மின்விளையாட்டுக் கோளாற்றை நோயாக ஏற்கிறது. ‘திறன்பேசி அடிமைத்தனம்’ என்று தனி நோய் எதுவும் அதில் இல்லை. எனவே பேராசிரியரோ விடுதிக் காப்பாளரோ ஒரு மாணவரைப் ‘போனுக்கு அடிமை’ என்று சொல்வது மருத்துவ முடிவல்ல. அது ஒரு வசைதான். அடிமை ஓலை எழுதி மனிதரை விற்ற வரலாறு கொண்ட மண்ணில், பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகளை நோக்கி அச்சொல்லை எறிவோர் சற்றே யோசிக்க வேண்டும். ‘சார்பு’ என்ற சொல்லையே நாம் இக்கட்டுரையில் பயன்படுத்துகிறோம்.

மூன்றும் இணையும் இடம்

கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985இல் முன்வைத்த கருத்து ஒன்று இத்துறையின் அடித்தளமாக உள்ளது. வண்டியின் அதிர்வை வில்தகடு உள்வாங்குவதுபோல் நெருக்கடியின் தாக்கத்தைச் சமூக ஆதரவு உள்வாங்கிக்கொள்கிறது என்பதே அது. ஒரே தேர்வுத் தோல்வி, தோள் கொடுக்க ஆள் உள்ளவரை ஒருவிதமாகவும், இல்லாதவரை வேறுவிதமாகவும் தாக்கும்.

2014இல் டேனியல் கார்டஃபெல்ட் விந்தர் இணையப் பயன்பாட்டைப் பற்றி முன்வைத்த கோட்பாடு இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. நேர்வாழ்வில் கிடைக்காத ஒன்றை ஈடுசெய்துகொள்ளவே பலர் இணையத்தில் மூழ்குகிறார்கள். ஆகவே ‘எவ்வளவு நேரம்’ என்று கேட்பதைவிட ‘எதற்காக’ என்று கேட்பதே பயன்தரும் என்பது அதன் சாரம். இந்த இரு கருத்துகளையும் சேர்த்தால் ஒரு சங்கிலி கிடைக்கிறது: நெருக்கடி கூடுகிறது, தோள் கிடைக்கவில்லை, திரையில் ஆறுதல் தேடப்படுகிறது, தூக்கமும் படிப்பும் குறைகின்றன, நெருக்கடி மேலும் கூடுகிறது.

இச்சங்கிலியை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் வினாத்தாள் கொடுத்து எடுக்கப்பட்டவை. கைபேசியால் அழுத்தம் வந்ததா, அழுத்தத்தால் கைபேசி கைக்கு வந்ததா என்பதை அத்தகைய ஆய்வால் மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. அப்படியிருக்க, ‘கைபேசியே காரணம்’ என்று நிர்வாகங்கள் முடிவுகட்டுவதற்கு அறிவியலில் இடமில்லை.

அளவுகோல் கேட்காத கேள்விகள்

ஆதரவு அளவுகோல் குடும்பத்தைக் கேட்கிறது, நண்பரைக் கேட்கிறது. கல்வி நிறுவனத்தைக் கேட்பதில்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்க வந்த தலித் மாணவருக்கு இந்த விடுபடல் மிகப் பெரியது. அவருடைய பெற்றோர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ‘செமஸ்டர் அரியர்’ என்றால் என்ன, நெறியாளர் கையெழுத்திட மறுத்தால் யாரிடம் போவது என்பதைக் கூலி வேலை செய்யும் தாய் எப்படிச் சொல்லித்தர முடியும்? ஆறுதல் வீட்டிலிருந்து கிடைக்கும். தகவலும் ஏற்பும் நிறுவனத்திலிருந்துதான் வரவேண்டும்.

அங்கே என்ன கிடைக்கிறது? தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் குறித்து ஆராய 2006இல் அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை அளித்தது. ஆசிரியர்களின் ஆதரவு மறுக்கப்படுவதையும், விடுதியில் தொல்லை தாங்காமல் இம்மாணவர்கள் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததையும், உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் அவர்கள் விலக்கப்பட்டதையும் அது பதிவுசெய்தது. உளவியலார் ‘சமூக ஆதரவின்மை’ என்று எண்ணால் குறிப்பது அங்கே விடுதியின் மாடிப்படிகளில் கண்ணுக்குத் தெரியும் ஒதுக்கலாக இருந்தது.

நட்பு என்ற ஊற்றும் சாதியால் அடைபடுகிறது. ஐஐடி வளாகங்களில் ‘உன் ரேங்க் என்ன?’ என்பது சாதியைக் கேட்கும் மறைமுகக் கேள்வியாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. 2023 பிப்ரவரியில் ஐஐடி பம்பாயின் முதலாமாண்டு தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தபின், அதே ஆண்டில் அந்நிறுவனம் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்டு ஒருவரின் சாதியை அறிய முயல்வது தகாது என வழிகாட்டுதல் வெளியிட்டது. அறை நண்பரோடு பேசும் முதல் நாளிலேயே தயங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு ‘நண்பர்களோடு பேசு, மனம் இலேசாகும்’ என்ற அறிவுரை எவ்வளவு தூரம் உதவும்?

பணமும் ஓர் ஆதரவே. 1944 முதல் நடைமுறையில் உள்ள பட்டியலின மாணவர்க்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தின் நோக்கம் அதுதான். அது தாமதமாகும்போது உணவுக்கூடக் கட்டணம் பாக்கியாகிறது, தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்படுகிறது, வகுப்பில் எழுந்து நிற்க வைக்கப்படும் அவமானம் நேர்கிறது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா, மாதக்கணக்கில் உதவித்தொகை வராத நிலையில், மற்ற நால்வரோடு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்திலேயே ‘வெளிவாடா’ என்று பெயரிட்ட கூடாரத்தில் தங்கியிருந்தார். 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். அந்தக் கூடாரத்தின் பெயருக்குத் தெலுங்கில் ஊருக்கு வெளியே உள்ள சேரி என்று பொருள்.

கைபேசி கட்டாயமாக்கப்பட்ட விதம்

மாணவர் கைபேசியைச் சார்ந்திருக்கிறார் என்று குறைசொல்லும் நிறுவனங்களே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பம். அதற்கு ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. ஒவ்வொரு படியிலும் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல். வகுப்பு அட்டவணை மாறினால் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு. பாடக்குறிப்பு, உள்மதிப்பீட்டு மதிப்பெண், தேர்வுக் கட்டணம், முடிவு எல்லாமே திரையில். மடிக்கணினி உள்ள மாணவர் பல கருவிகளில் பிரித்துச் செய்வதையெல்லாம், அது இல்லாதவர் ஒரே கைபேசியில் செய்கிறார். திரை நேரத்தை மட்டும் எண்ணினால் ஏழை மாணவர்தான் ‘அதிக அடிமை’ என்று கணக்கு வரும்.

மாலையில் உணவு விநியோகச் செயலியில் வேலை செய்து கட்டணம் கட்டும் மாணவருக்கு அடுத்த அழைப்பு வந்ததா என்று நொடிக்கொருமுறை பார்ப்பது பிழைப்பு. உதவித்தொகை வந்ததற்கான குறுஞ்செய்திக்குக் காத்திருப்பவர் கைபேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது பதற்றம். இவ்விருவரையும், இரவெல்லாம் ரீல்ஸ் பார்ப்பவரையும் அளவுகோல் ஒரே தட்டில் வைத்து மதிப்பெண் போடுகிறது.

பெருந்தொற்றுக் காலம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. வளாகங்கள் மூடப்பட்டபோது கைபேசியும் இணைய இணைப்பும் இல்லாதவர்களுக்குக் கல்லூரியே இல்லாமல் போனது. அன்று ‘கைபேசி இல்லையென்றால் வகுப்பு இல்லை’ என்ற அதே நிர்வாகம் இன்று ‘கைபேசி இருந்தால் விடுதி இல்லை’ என்று சொல்வதைக் கேட்கிறோம்.

கைபேசி, பேச இடமில்லாதவரின் மேடையாகவும் இருக்கிறது. சேலத்தைச் சேர்ந்த முத்துக்கிருஷ்ணன், ஐதராபாத்திலும் பின்னர் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஆய்வு மாணவராக இருந்தவர். 2017 மார்ச்சில் இறப்பதற்கு முன் தம் கல்வி வாழ்க்கையையும் அங்கே கண்ட பாகுபாட்டையும் முகநூலில் தொடர்ந்து எழுதினார். அப்பதிவுகள் வெளிப்படையாகவே இருந்தன. அவற்றை வாசித்துச் செவிசாய்க்க வேண்டிய நிறுவனங்கள் எங்கே இருந்தன என்பதே கேள்வி.

திரை வழியே வரும் தீங்கு

இவ்வளவும் சொல்வதால் கைபேசியைத் தோழனாக மட்டும் காட்டுவது நம் நோக்கமன்று. அதன் தீங்குகளை மறைப்பது நம் பிள்ளைகளுக்கே கேடு.

முதலாவது, சாதி வசை. வகுப்பறையில் மாலை ஐந்து மணிக்கு முடிந்த ஏளனம், வகுப்புக் குழுவின் வழியே படுக்கைவரை வருகிறது. மும்பையில் முதுகலை மருத்துவம் படித்த பழங்குடிச் சமூக மருத்துவர் பாயல் தட்வி 2019 மே மாதம் இறந்தார். மூத்த மாணவியர் அவரை வாட்ஸ்அப் குழுக்களிலும் இழிவுபடுத்தினர் என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆதரவு தரவேண்டிய சக மாணவர் குழுவே அழுத்தத்தின் ஊற்றாகும்போது, அதிலிருந்து வெளியேறினால் வகுப்புத் தகவலும் போய்விடும் என்ற இக்கட்டு நேர்கிறது.

இரண்டாவது, கடன் செயலிகள். உதவித்தொகை தாமதமாகும் இடைவெளியில் அவை நுழைகின்றன. கடன் தவணை தவறினால் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்துகின்றன. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் செயலிகள் பயனரின் தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பதிவுகளையோ எடுக்கக்கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடைசெய்துள்ளது. இவ்வகை மோசடிகளில் சிக்கியவர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கலாம்.

மூன்றாவது, தூக்கமின்மை. திரையில் கழியும் இரவு மறுநாள் வகுப்பையும் மனநிலையையும் குலைக்கிறது. கைபேசியைக் கீழே வைக்க முயன்றும் முடியாமல், படிப்பும் உறவும் உடல்நலமும் சிதைவதை ஒருவர் தாமே உணர்ந்தால், அவர் தயங்காமல் உதவி பெற வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்திவருகிறது.

பிடுங்குவது தீர்வாகுமா?

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் மாணவியர் விடுதியில் முதலில் இரவு 10 முதல் காலை 6 மணிவரையிலும், பின்னர் மாலை 6 முதல் இரவு 10 மணிவரையிலும் கைபேசி தடைசெய்யப்பட்டது. ஏற்க மறுத்த மாணவி ஃபஹீமா ஷிரின் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றும், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் அந்தரங்க உரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க ஆணையிட்டது. ஒழுக்கம் என்ற பெயரில் வயதுவந்த மாணவர்மீது அளவு மீறிய கட்டுப்பாட்டைச் சுமத்த முடியாது என்பதே அத்தீர்ப்பின் பாடம்.

வகுப்பு நடக்கும்போது கைபேசியை அணைத்து வைக்கச் சொல்வது வேறு. விடுதி அறையில் அதைப் பறித்துக்கொள்வது வேறு. பின்னதில் மாணவர் இழப்பது பொழுதுபோக்கை மட்டுமல்ல. வீட்டாரின் குரலையும், ஊர் நண்பரையும், அமைப்புத் தோழரையும், நடந்த கொடுமையைப் பதிவுசெய்யும் சான்றையும் சேர்த்தே இழக்கிறார்.

ஆதரவு கருணையன்று, கடமை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரையும் கோருகின்றன. அவை ஏட்டளவில் நிற்பதை எதிர்த்து ராதிகா வெமுலாவும் அபேதா தட்வியும், பிள்ளைகளை இழந்த அந்த இரு தாய்மாரும், 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிமுறைகளை அறிவித்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிமுறைகள் தொடரும் என்றது. ராகிங் தடுப்பு விதிமுறைகளில் 2016இல் செய்த திருத்தம், சாதியின் பேரால் சக மாணவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்குவதையும் ராகிங்காகவே கருதுகிறது. 2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் குறைதீர்ப்புக் குழுவையும், அதற்கு மேல் முறையிட ஒரு குறைதீர்ப்பாளரையும் கட்டாயமாக்குகின்றன.

2025 மார்ச் 24 அன்று அமித்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தையும் தற்கொலைகளையும் ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே வழக்கில் 2026 ஜனவரியில், நிலுவையில் உள்ள கல்வி உதவித்தொகைகளை நான்கு மாதத்துக்குள் தீர்க்கவும், உதவித்தொகை வரவில்லை என்பதற்காக எந்த மாணவரையும் தேர்வெழுத விடாமலோ வகுப்பிலிருந்தோ விடுதியிலிருந்தோ விலக்காமலும் இருக்கவும் ஆணையிட்டது. உதவித்தொகைத் தாமதம் மனநலப் பிரச்சினை என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதாக இதை நாம் வாசிக்கிறோம். தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92, தகுதியுள்ள பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று வகுத்தது.

2025 ஜூலை 25 அன்று சுகதேவ் சாகா வழக்கில், மனநலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிய உச்ச நீதிமன்றம் பதினைந்து வழிகாட்டுதல்களை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் கொண்ட நிறுவனம் தகுதிபெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். சட்டம் இயற்றப்படும்வரை இவை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது (பிரிவு 18). சிகிச்சை விவரங்களின் இரகசியத்தைக் காக்கிறது (பிரிவு 23). தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது (பிரிவு 115). ஒருவரின் அரசியல், சமூக நிலையை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் விலக்குகிறது (பிரிவு 3). பாகுபாட்டை எதிர்த்துப் புகார் தருபவரை ‘மனநிலை சரியில்லாதவர்’ என்று ஒதுக்கும் நிர்வாகங்களுக்கு இந்தக் கடைசிப் பிரிவை நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பொதுப்பார்வையில் சாதியின் பேரால் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் ஏற்றப்பட்ட உள்ளடக்கமும் பொதுப்பார்வைக்குள் வரக்கூடும் என்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 2022இல் ஏற்றது. மூடிய வாட்ஸ்அப் குழு அவ்வாறு கருதப்படுமா என்பது குழுவின் தன்மையையும் உறுப்பினர்களையும் பொறுத்து வழக்குக்கு வழக்கு வாதிட வேண்டியது. ஆனால் குற்றவழக்கு நிற்குமா என்பது வேறு, கல்லூரி நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்பது வேறு. மேற்சொன்ன மானியக் குழு விதிமுறைகளின்படி நடவடிக்கை எடுக்கப் ‘பொதுப்பார்வை’ தேவையில்லை.

மாணவர்களும் அமைப்புகளும் செய்யத்தக்கவை

1. வசைப் பதிவுகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி திரைப்பதிவு எடுங்கள். மூல உரையாடலையும் அந்தக் கைபேசியையும் பாதுகாத்து வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் முன்வைக்க பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

2. புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். துறைத்தலைவரிடம் வாய்மொழியாகச் சொன்னது பின்னாளில் சான்றாக நிற்பது கடினம். சமவாய்ப்புப் பிரிவுக்கும் குறைதீர்ப்புக் குழுவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற எண் உண்டு. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தையும் அணுகலாம்.

3. கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா, தகுதி என்ன, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார், கடந்த ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன என்பவற்றை அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் நியமனமே தொடங்குகிறது.

4. கைபேசியைக் கையாள்வதில் உங்கள் விதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். எதற்காக எடுத்தோம் என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், எது தேவை, எது பழக்கம், எது தப்பித்தல் என்பது விளங்கும். வசை வரும் குழுவை ஒலியடக்கி வைத்து, முக்கிய அறிவிப்பை மட்டும் ஒரு நண்பர் அனுப்பும்படி ஏற்பாடு செய்யலாம்.

5. அமைப்புகள் சேர்க்கைக் காலத்தில் மட்டும் வளாகத்துக்கு வராமல் ஆண்டு முழுவதும் வரவேண்டும். முதலாமாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவர் அல்லது பட்டதாரித் தோழர் துணையாக இருக்கட்டும். உதவித்தொகை விண்ணப்பம் முதல் தேர்வுத் தோல்விவரை அவரிடம் பேசலாம் என்ற நிலை வரட்டும். நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கும் ஒரு எண் அந்த மாணவரின் கைபேசியில் இருக்கட்டும்.

விடுதியிலிருந்து தொடங்கியது நம் கல்வி

சமூக ஆதரவை உளவியலார் அளக்கத் தொடங்குமுன்பே அதை நம் முன்னோர் கட்டி எழுப்பினார்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1924இல் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது. பாடப்புத்தகம் மட்டும் போதாது, தங்க இடமும் உண்ணச் சோறும் உடன் அமர்ந்து படிக்கத் தோழரும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டு அரசு 2025இல் தன் நலத்துறை விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயருக்குள் ஒரு மனநல ஆலோசகரும், நேரத்துக்கு வரும் உதவித்தொகையும், அவமதிக்காத காப்பாளரும் இடம்பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அடுத்த முறை ஒரு மாணவர் தலைகுனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால், ‘போனை வை’ என்று சொல்லுமுன் ‘என்னப்பா, சாப்பிட்டாயா? என்ன பார்க்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரம் ஆகலாம், காத்திருங்கள்.

இதைப் படிக்கும் நீங்களோ உங்கள் தோழரோ வாழவே வேண்டாம் என்று எண்ணும் அளவுக்குத் துயரத்தில் இருந்தால், தனியாக இருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. நடந்தது அநீதி என்றால் அதற்கு வழக்கு உண்டு, சட்டம் உண்டு, உடன் நிற்க நாம் இருக்கிறோம்.